படகை நிறுத்திய குரல்

லம்யாவின் அம்மா மறுபடியும் சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? ஆளுங்க இறங்கிட்டு இருக்காங்க, நீ பாட்டுக்கு வண்டியைக் கிளப்புறே! இது என்ன உன் மாமனார் வீட்டு வாசலா?"

படகு அப்போதுதான் போர்ட் சயீத் கரையைத் தொட்டிருந்தது. கால்வாயின் ஒரு பக்கம் போர்ட் ஃபுவாத், மறுபக்கம் போர்ட் சயீத். வீடு போர்ட் ஃபுவாதில், பள்ளிக்கூடமும் வேலையும் போர்ட் சயீதில். அதனால் தினமும் காலையில் படகில் கூட்டம் நெரியும். ஆட்கள், சைக்கிள்கள், கார்கள், சின்ன லாரிகள் எல்லாம் ஒரே தளத்தில்தான் நிற்க வேண்டும்.

காய்கறி லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அம்மா தாயே! காலங்காத்தாலே ஆரம்பிக்காதீங்க. எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு."

"நேரமாச்சுன்னா சீக்கிரம் எழுந்திரு! முதல்ல ஆளுங்க, அப்புறம்தான் வண்டி. எத்தனை தடவை சொல்றது?"

அம்மாவின் பெயர் சமீஹா. உருவம் சிறியது. குரல் மட்டும் மிகப் பெரியது. அவள் கத்தினால் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கடல்காக்கைகள் பறந்து போகும்.

லம்யா தள்ளி நின்று கடல்காக்கைகளையே பார்த்தாள். அந்த அம்மாவுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

பலனில்லை. அவள் வகுப்பில் படிக்கும் யாரா பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"லம்யா, அது உங்க அம்மாதானே?"

"இல்லை."

"இல்லையா?"

"ஆமா! எங்க அம்மாதான்! இப்ப என்ன அதுக்கு?"

யாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லம்யாவின் காது சூடாகிவிட்டது.

மறுநாள் பள்ளியில் அன்னையர் தின விழா. அதனால் அன்றைக்கு வகுப்பில் ஒத்திகை. மிஸ் நாஹித் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு வாசகம் சொல்லிக்கொடுத்தார்.

யாராவுக்கு, "என் அம்மாவின் கைகள் ரோஜா இதழ்கள்."

ஹாசிமுக்கு, "என் அம்மா எங்கள் வீட்டின் விளக்கு."

அடுத்தது லம்யா. மிஸ் நாஹித் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ இதைச் சொல்லு. என் அம்மாவின் குரல் தென்றலைப் போல மென்மையானது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

"தென்றலாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஹாசிம் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? இது என்ன உன் மாமனார் வீட்டு வாசலா?"

அப்படியே அம்மா மாதிரி. கழுத்தை வெட்டுவதுகூட அதே மாதிரி.

"ஹாசிம், கீழே இறங்கு!" என்றார் மிஸ் நாஹித். ஆனால் அவரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். லம்யா அதைப் பார்த்துவிட்டாள். ஹாசிம் மேல் வந்த கோபத்தைவிட மிஸ் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும்விட அம்மா மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் வீசினாள்.

அம்மா சமையலறையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். தையல் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முக்காட்டில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

"வந்துட்டியா? நாளைக்குப் பாதி நாள் லீவு கேட்டிருக்கேன். அந்த நீல கவுனைத்தான் போட்டுக்கிட்டு வரப் போறேன்."

"நீ வர வேண்டாம்."

"எங்கே?"

"விழாவுக்கு."

அம்மா நிமிர்ந்தாள். "ஏன்?"

"நீ வந்தா கத்துவே. மைக் சரியில்லைன்னு கத்துவே. நாற்காலி உடைஞ்சிருக்குன்னு கத்துவே."

"நாற்காலி உடைஞ்சிருந்தா சொல்லக் கூடாதா? யாராவது விழுந்து கை காலை உடைச்சுக்கிட்டா?"

"பாத்தியா? இதான்! இதைத்தான் சொல்றேன்!" லம்யா காலை உதைத்தாள். "யாராவது விழட்டுமே! உனக்கென்ன வந்துச்சு? மத்தவங்க அம்மா எல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்காங்கல்ல? நீ மட்டும் ஏன் ஊர்ச் சண்டை எல்லாம் போடறே? பள்ளிக்கூடமே சிரிக்குது. எல்லாரும் உன்னை மாதிரிப் பேசிக் காட்டறாங்க!"

"யாரு பேசிக் காட்டினது? பேரைச் சொல்லு. நாளைக்கே வந்து..."

"வராதே! அதான் சொல்றேன், வராதே! எனக்கு வெக்கமா இருக்கு!"

கத்தி பலகையின் மேல் அப்படியே நின்றது.

அம்மா திருப்பிக் கத்துவாள் என்று லம்யா எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு மூட்டை வார்த்தைகளும் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அம்மா கத்தவில்லை.

"சரி," என்றாள். "வரலை. நாளைக்கு நான் முதல் படகுலயே வேலைக்குப் போயிடறேன். பஸ்மலாவை நீ கூட்டிக்கிட்டுப் போ."

பஸ்மலா எதிர்வீட்டுக் குழந்தை. ஒன்றாம் வகுப்பு. அவளுடைய அம்மா ரொட்டிக் கடையில் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். அதனால் தினமும் லம்யாவின் அம்மாதான் பஸ்மலாவையும் சேர்த்துக் கூட்டிப் போவாள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மா தட்டை ஓசைப்படாமல் வைத்தாள். பூனை பாலைத் தட்டிவிட்டதற்குக்கூடத் திட்டவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில், கீழ்வீட்டு அத்தை மாடி ஏறி வந்து கதவைத் தட்டிவிட்டார்.

"லம்யாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோமே?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!" என்று சொல்லிக் கதவைப் படாரென்று சாத்தினாள் லம்யா.

காலையில் எழுந்தபோது அம்மா கிளம்பிவிட்டிருந்தாள். நீல கவுன் ஆணியிலேயே தொங்கியது.

'நல்லது. நிம்மதி' என்று நினைத்துக்கொண்டாள் லம்யா. ஆனால் செருப்பு மாட்டும்போது வார் அறுந்துவிட்டது. அதன் மேல் கோபம் வந்தது. பஸ்மலா வழியெல்லாம் கேள்வி கேட்டாள். அதற்கும் கோபம் வந்தது.

"சமீஹா அத்தை எங்கே?"

"வேலைக்கு."

"ஏன் என்னை விட்டுட்டுப் போனாங்க?"

"உன்னை விட்டுட்டுப் போகலை. என்னை விட்டுட்டுத்தான் போனாங்க. பேசாம வா."

படகில் வழக்கமான கூட்டம். வறுத்த விதை விற்கும் ஹமீதா அக்கா கூடையோடு நின்றிருந்தார். அவரோடு அம்மா தினமும் மல்லுக்கு நிற்பாள். "விதை நமுத்துப் போச்சு" என்பாள் அம்மா. "உன் நாக்குதான் நமுத்துப் போச்சு" என்பார் ஹமீதா. இன்று அவர் லம்யாவின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கடி உங்கம்மா?"

"வரலை."

"வரலையா? அப்ப இன்னைக்கு எனக்கு யாவாரமே ஓடாதே!"

படகு கரையை நெருங்கியது. சப்ரி மாமா வழியை மறித்திருந்த சங்கிலியைக் கழற்றினார். படகில் ஏறி இறங்கும் வழியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரும்புப் பலகை கடகடவென்று கரையின் மேல் இறங்கத் தொடங்கியது.

பலகை முழுதாக இறங்குவதற்கு முன்பே பின்னால் ஒரு மீன் லாரி உறுமியது. ஹாரன் காதைக் கிழித்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர் கைப்பேசியைப் பார்த்தபடி நகர்ந்தார்.

லம்யாவும் பஸ்மலாவை இழுத்துக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். பஸ்மலா வரவில்லை.

"ஷூ!" என்றாள் பஸ்மலா. அவளுடைய ஷூ இரும்புப் பலகையின் இடுக்கில் சிக்கிக்கொண்டிருந்தது. காலை இழுத்தாள். வரவில்லை. குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

லாரிக்கு நேர் முன்னால்.

குனிந்திருந்த குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. லாரி மெல்ல உருண்டது.

லம்யா கையை உயர்த்தினாள். "அண்ணே... கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். நல்ல பிள்ளையாக, மென்மையாக.

அது அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணே, ப்ளீஸ்..."

லாரி இன்னும் உருண்டது. பஸ்மலா நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்தாள். அழுகை வெளியே வரவில்லை.

நேற்றிலிருந்து சேர்ந்திருந்த கோபம் முழுவதும் லம்யாவின் தொண்டைக்கு வந்தது. அவள் ஓடிப் போய் பஸ்மலாவின் முன்னால் நின்று, லாரியின் மூக்கில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"ஏய்! நிறுத்துய்யா வண்டியை! கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?"

கடல்காக்கைகள் எல்லாம் பறந்தன.

லாரி குலுங்கி நின்றது. மீன் பெட்டி ஒன்று பின்னால் சரிந்து விழுந்தது. படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏ பொண்ணு! யாரு நீ? எதுக்குக் கத்துறே? மீன் கெட்டுப் போகுது எனக்கு!"

"மீன் கெட்டுப் போகும்னா குழந்தை மேல ஏத்துவியா?"

"குழந்தையா? எந்தக் குழந்தை?"

"இறங்கி வந்து பாரு! உட்கார்ந்த இடத்துல இருந்தா எப்படித் தெரியும்? இறங்குன்னு சொல்றேன்ல!"

ஓட்டுநர் முனகிக்கொண்டே இறங்கினார். முன்னால் வந்தார். சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பஸ்மலா உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநரின் முகம் அவருடைய மீன்களைப் போலவே வெளிறிவிட்டது. மண்டியிட்டு, ஷூவின் நாடாவை அவிழ்த்து, குழந்தையின் காலை வெளியே எடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா," என்று பஸ்மலாவிடம் சொன்னார். "சத்தியமா எனக்குத் தெரியலை."

பஸ்மலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நன்றாகவே வந்தது.

லம்யாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. சப்ரி மாமா பக்கம் திரும்பினாள்.

"முதல்ல ஆளுங்க, அப்புறம்தான் வண்டின்னு எங்க அம்மா தினமும் சொல்றாங்கல்ல? நீங்க ஏன் வண்டியை நிறுத்தலை?"

சப்ரி மாமா தலையைச் சொறிந்தார். "தினமும் சொல்றாங்கம்மா. ஆனா... இன்னைக்கு அவங்க வரலையே."

"எங்க அம்மா வரலைன்னா?"

"இல்லை, அது வந்து... அவங்க கத்துவாங்க, வண்டிங்க நிக்கும். அப்படியே பழகிப் போச்சு."

"அப்ப உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கிலி? கழுத்துல மாட்டிக்கவா?"

யாரோ ஒரு பெரியவர் "சரியாக் கேட்டே!" என்றார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட அதைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஆமா சப்ரி, பொண்ணு சொல்றது நியாயம்தானே?" என்றார். இப்போது எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. சப்ரி மாமா அவசர அவசரமாகச் சங்கிலியை வண்டிகளுக்கு முன்னால் மாட்டி, அவற்றைப் பின்னால் போகச் சொன்னார். ஜனங்கள் முதலில் இறங்கினார்கள்.

கரையில் ஹமீதா அக்கா லம்யாவைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கை விதையை எடுத்துப் பஸ்மலாவின் சட்டைப்பையில் கொட்டினார். அவள் அழுகையை நிறுத்தி, கொறிக்க ஆரம்பித்தாள்.

"அசல் உங்கம்மா தொண்டைடி உனக்கு," என்றார் ஹமீதா.

"அதெல்லாம் இல்லை."

"இல்லையாம்! எனக்குத் தெரியாதா? நீ கைக்குழந்தையா இருந்தப்போ உனக்கு அனலாக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் இழுப்பு. பெரிய ஆஸ்பத்திரி இந்தக் கரையில. உங்கப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தாரு. உன்னைத் தூக்கிக்கிட்டு உங்கம்மா ஓடி வர்றா, அதுக்குள்ள படகு கிளம்பிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தக் கரையில நின்னு ஒரு கத்து கத்தினா பாரு. நான் படகுல இருக்கேன், என் கூடையே கீழே விழுந்துடுச்சு. கிளம்பின படகு அதுவரைக்கும் திரும்பினதா சரித்திரமே கிடையாது. அன்னைக்குத் திரும்புச்சு. படகோட்டி வாயைத் திறக்காம திருப்பிட்டான்." ஹமீதா மூக்கை உறிஞ்சினார். "அன்னைக்கு அவ மெதுவாப் பேசியிருந்தா நீ இன்னைக்கு இங்க நின்னு சப்ரியைத் திட்ட முடியுமா? ஆனா, என் விதை நமுத்துப் போச்சுன்னு சொல்றா பாரு, அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்."

அம்மா இதை லம்யாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இவ்வளவு கத்துகிற அம்மா, இதை மட்டும் ஏன் சத்தமாகச் சொல்லவில்லை? அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு, பஸ்மலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

பள்ளி மண்டபத்தில் அம்மாக்கள் நிறைந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரா ரோஜா இதழ் என்றாள். ஹாசிம் விளக்கு என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அடுத்து லம்யா," என்றார் மிஸ் நாஹித்.

லம்யா மேடைக்குப் போனாள். மைக்கைப் பிடித்தாள். ஹாசிம் ஓரத்தில் நின்று இடுப்பில் கையை வைத்துக் காட்டினான்.

"எங்க அம்மாவோட குரல் தென்றல் இல்லை," என்றாள் லம்யா. "கப்பல் ஊதுற சங்கு."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள். சிரிப்பு நின்றது. "எங்க அம்மா தினமும் படகுல கத்துவாங்க. நான் தள்ளிப் போய் நின்னுப்பேன். நேத்து அவங்ககிட்ட எனக்கு வெக்கமா இருக்குன்னு சொன்னேன். இன்னைக்கு அவங்க வரலை. படகுல யாருமே கத்தலை. அத்தனை பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தர்கூடக் கத்தலை. பஸ்மலா வண்டிக்கு அடியில போயிருப்பா. எனக்கு..."

மண்டபத்தின் கதவு படாரென்று திறந்தது.

அம்மா நின்றிருந்தாள். நீல கவுன் இல்லை. தொழிற்சாலை அங்கியோடு, உடம்பெல்லாம் நூலோடு, மூச்சு வாங்க நின்றிருந்தாள். படகில் நடந்தது தொழிற்சாலை வரை போய்விட்டது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"லம்யா!"

மைக் இல்லாமலே அது மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. அம்மா நடுவழியாக விறுவிறுவென்று வந்து மேடை ஏறினாள். லம்யாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஓடுற லாரிக்கு முன்னால போய் நின்னியாமே!"

"நீ நிக்கலையா? தினமும் நிக்கறேல்ல?"

"நான் அம்மாடி!"

"அப்ப நான் யாரு? உன் பொண்ணுதானே!"

அப்போதுதான் அம்மா சுற்றிலும் பார்த்தாள். மேடை, மைக், வரிசையாக அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்கள், வாயைப் பிளந்து நின்ற ஹாசிம். தன் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதல் முறையாக அவள் குரல் சின்னதாக வந்தது.

"சரி. உனக்கு ஒண்ணும் ஆகலையே? அது போதும். நான் போறேன். நீ வர வேண்டாம்னு சொன்னே."

"எங்கே போறே?"

"வேலைக்கு. மத்தியானம் வரைக்கும்..."

"போகாதே!" லம்யா அங்கியைப் பிடித்து இழுத்தாள். "லீவு கேட்டிருக்கேல்ல? முதல் வரிசையில நாற்காலி இருக்கு. போய் உட்காரு."

"இந்தக் கோலத்துலயா? எல்லாரும் பாக்கறாங்கடி."

"பாக்கட்டுமே! உட்காருன்னு சொல்றேன்ல!"

அந்தச் சத்தத்தில் மிஸ் நாஹித்தே தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஒரு நிமிடம் மகளை முறைத்தாள். மகளும் முறைத்தாள். ஓட்டுநர்கள், விதைக்காரர்கள், படகோட்டிகள் என்று போர்ட் சயீதில் யாராலும் முடியாத காரியம் அன்று நடந்தது. சமீஹா ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசாமல் மேடையிலிருந்து இறங்கிப் போய், முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.